படுதாக்குளத்தில் ஒரு தகடு

இன்னும் விடியவில்லை.

தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே எண்ணத் தொடங்குகிறேன். ஏழில் எண்ணிக்கை தவறுகிறது. விட்டுவிடுகிறேன்.

அடுப்படியில் பூண்டுக் கட்டுகள் தொங்குகின்றன. புகை குடித்த பூண்டு. சின்னப் பல். வாசனை மட்டும் பெரிது.

மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டி. அக்கா மகன் நேற்று வைத்துவிட்டுப் போனது.

ஜப்பானில் வேலை பார்க்கிறான். பிவா ஏரிக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கிறானாம்.

"இங்க எதுக்கும் ஆகாது மாமா. சும்மா வச்சிருங்க."

சும்மா வைத்திருக்கிறேன்.

*

பெட்டிக்குள் ஒரு ஜிக். மீனை ஏமாற்றும் போலி இரை.

உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிகிறது. 28 கிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை பத்து, பதினாலு கிராம்தான் என்றான். இது பெரிய மீனுக்கு.

உலோகத் தலை. தலைக்கு முன்னால் ஓர் அறுகோணத் தகடு. பின்னால் ரப்பர் இழைகள், பாவாடைபோல. பாவாடைக்குள் முள்.

தகட்டைச் சுண்டுகிறேன். தலையில் மோதுகிறது.

டக்.

அதன்பிறகு அடுப்படி முன்பைவிட அமைதியாக இருக்கிறது.

*

வெளிச்சம் வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மூடுபனி முழுவதும் ஒரே மாதிரி வெளுக்கிறது.

முதலில் வேலிக்கால். பிறகு அதற்குப் பின்னால் இருக்கும் வேலிக்கால்.

வட்டவடை இப்படித்தான் ஒவ்வொரு நாளும் வந்து சேர்கிறது. ஒரு படி, அடுத்த படி. மலையை வெட்டி அடுக்கிய வயல்கள். கேரட், பீன்ஸ், உருளை, கோஸ், பூண்டு.

எதிர்மலை இன்னும் வரவில்லை.

*

கடைசிப் படியில் படுதாக்குளம்.

குழி தோண்டி, நீலப் படுதா விரித்து, ஓரங்களில் கல் வைத்தது. இடுக்கி முழுக்க இப்படித்தான். மேலே ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் வழியே தண்ணீர் தானாக இறங்கி வரும். மோட்டார் கிடையாது.

பத்தடி அகலம். இருபதடி நீளம். மூன்று வயது.

பிவா ஏரிக்கு நாற்பது லட்சம் வயது இருக்குமாம். பரப்பு 670 சதுர கிலோமீட்டர்.

இரண்டிலும் வானம் தெரிகிறது.

*

இதில் மீன் கிடையாது.

கொசுப்புழு உண்டு. ஒரு தவளை உண்டு. தண்ணீர்ப்பூச்சிகள் காலை விரித்து மேலே நிற்கின்றன. அவை நிற்கும் இடத்தில் நீர் லேசாகக் குழிகிறது.

அவ்வளவுதான்.

*

முள் பட்டால் படுதா கிழியும்.

சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, முள்ளின் முனையில் செருகி, நூலால் சுற்றுகிறேன். விரல்கள் விறைத்திருக்கின்றன. முடிச்சு மூன்றாவது தடவையில் நிற்கிறது.

இப்போது அது எதையும் குத்தாது.

மீன் பிடிக்கிற சாமானில், மீன் பிடிக்கிறதை மட்டும் மூடியாகிவிட்டது.

*

ராடு அவனுடைய பழையது. ரீலில் தங்கூசி.

வீசுகிறேன்.

இருபதடிக் குளத்தில் வீசுவது என்றால் மணிக்கட்டை லேசாக அசைப்பது. ஜிக் அந்தக் கரையோரம் விழுகிறது. கனமான ஒலி. தவளை குதிக்கிறது.

வட்டங்கள் இந்தக் கரைக்கு வருகின்றன. படுதாவில் தொட்டுத் திரும்புகின்றன. வந்துகொண்டிருக்கும் வட்டங்களோடு குறுக்கே கலக்கின்றன.

பார்க்கிறேன். கலங்கி, பிறகு தட்டையாகிறது.

இன்னும் சுற்றத் தொடங்கவில்லை.

*

சுற்றுகிறேன்.

நீர் தகட்டின் மேல் அழுத்துகிறது. தகடு ஒரு பக்கம் சாய்கிறது. அங்கே தலை தடுக்கிறது. மறுபக்கம் சாய்கிறது. அங்கேயும் தடுக்கிறது. இழுக்கிற வரை இதுதான் நடக்கிறது.

நடுக்கம் தங்கூசி வழியாக வருகிறது. ராடின் நுனிக்கு. கைப்பிடிக்கு. முழங்கைக்கு.

பெரிய தகடு. அதனால் மெதுவான நடுக்கம். சின்னத் தகடு படபடக்கும் என்றான். இது நிதானமாகத் தட்டுகிறது, யாரோ உள்ளே இருக்கிறார்களா என்று கேட்கிறதுபோல.

எட்டுச் சுற்று. குளம் முடிந்துவிடுகிறது.

*

மறுபடி.

*

மறுபடி.

*

மீனின் உடலில், செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் பக்கக்கோடு என்று படித்தது. கோட்டுக்குள் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் மயிர்போன்ற செல்கள். நீர் நகர்ந்தால் அவை சாயும். சாய்ந்தால் மீனுக்குத் தெரியும்.

கலங்கிய நீரில் கண் உதவாது. அப்போது இந்தக் கோடு போதும்.

தகடு அந்தக் கோட்டுக்காகச் செய்தது.

இங்கே அந்தக் கோடு இல்லை. என் முழங்கை மட்டும் இருக்கிறது.

*

சூரியன் வருகிறது. கன்னத்தில் மட்டும் சூடு. முதுகு இன்னும் மார்கழியில் இருக்கிறது.

படுதாவின் நீலம் தண்ணீருக்குள் எரிகிறது. ஜிக் கடந்து போகும்போது அதன் நிழல் கீழே தனியாகப் போகிறது. நிழலும் நடுங்குகிறது.

எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு நடுவே பார்க்கிறது.

*

மேல்வீட்டுப் பெரியப்பா கேரட் மூட்டையோடு இறங்கி வருகிறார். நிற்கிறார். மூட்டையை இறக்கவில்லை.

"என்ன மீன் கெடக்கு இதுல?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா."

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்க்கிறார்.

"அப்பச் சரி."

போகிறார். அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது. மூடுபனிக்குள் சத்தம் மட்டும் இருக்கிறது. பிறகு அதுவும்.

*

அமெரிக்காவில் தென் கரோலினாவில் தகப்பனும் மகனும் சேர்ந்து இந்தத் தகட்டு ஜிக்கை உருவாக்கினார்கள். ரான் டேவிஸ் என்று இருவருக்கும் ஒரே பெயர். 2006இல் புளோரிடாவின் ஒக்கிசோபி ஏரியில் நடந்த போட்டியில் ஒருவர் இதை வீசி வென்றார். அதன்பிறகு எல்லோரும் வீசினார்கள்.

எங்கோ ஒரு பட்டறையில், ஒரு தகடு முதல் தடவை தலையில் மோதியிருக்கும். தகப்பன் மகனைப் பார்த்திருப்பார்.

அல்லது பார்க்காமல் இருந்திருப்பார்.

*

ஜிக் தேடும் மீன், பெருவாய் பாஸ். வாய் கண்ணைத் தாண்டி நீளும்.

1932 ஜூன் 2. ஜார்ஜியாவில், மான்ட்கோமெரி ஏரி என்கிற தேங்கல் நீரில், ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி ஒரு பாஸைப் பிடித்தார். பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உலகச் சாதனை.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

2009 ஜூலை 2. பிவா ஏரியில் மனாபு குரிட்டா ஒன்றைப் பிடித்தார். 10.12 கிலோ. பழையதைவிட ஒரு பிடி கூட. ஆனால் இரண்டு அவுன்ஸாவது கூட இருந்தால்தான் பழையது கீழே இறங்கும். அதனால் இரண்டும் சமம் என்று எழுதிக்கொண்டார்கள்.

எழுபத்தேழு ஆண்டு. ஒரு மாதம்.

தராசின் முள் நடுங்கி நடுங்கி நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

*

கை ஓய்கிறது. ராடைக் கல்மேல் சாய்க்கிறேன்.

ஜிக் தண்ணீருக்குள் தொங்குகிறது. தகடு அசையவில்லை. பாவாடை மட்டும் மெதுவாக விரிகிறது. சுருங்குகிறது. விரிகிறது.

குளத்தில் நீரோட்டம் கிடையாது. ஓஸிலிருந்து விழுகிற நீர்தான் அதை அசைக்கிறது.

நெடுநேரம் அதைப் பார்க்கிறேன். மூச்சு அதனோடு சேர்ந்துகொள்கிறது. சேர்ந்ததைக் கவனித்ததும் விலகிவிடுகிறது.

*

பிவாவில் பாஸ் சொந்த மீன் கிடையாது.

1925இல் அமெரிக்காவிலிருந்து ஆஷி ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டுக்குள் பிவாவுக்கும் வந்துவிட்டது. அங்கேயே இருந்த சின்ன மீன்களைத் தின்றது.

2003இலிருந்து அங்கே ஒரு விதி. பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது. கரையில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதில் போட வேண்டும்.

அக்கா மகன் பிடிக்கிறான். படம் எடுக்கிறான். பெட்டியைத் திறக்கிறான்.

மூடும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

*

நீலச்செவுள் என்று இன்னொரு மீன். 1960இல் சிகாகோ மேயர் ஜப்பானின் பட்டத்து இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தது. அதுவும் பெருகிற்று. பிவாவுக்கும் வந்தது.

2007இல், பேரரசராகிவிட்ட அவர், பிவா கரையில் ஓட்சு நகரத்தில் நின்று, அதை நினைத்து மனம் நோகிறது என்றார்.

குரிட்டாவின் சாதனை மீன் கடித்த இரை, உயிருள்ள ஒரு நீலச்செவுள்.

வந்தது வந்ததைத் தின்கிறது. ஏரி மேலே தட்டையாக இருக்கிறது.

*

பகல்.

கிராண்டிஸ் என்கிற தைல மரங்களில் காற்று. உயரத்தில் மட்டும். கீழே ஒரு புல்கூட அசையவில்லை.

இந்த மரங்களும் எங்கிருந்தோ வந்தவை. தண்ணீரைக் குடித்துவிடுகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. வெட்டின அடிமரத்திலிருந்து திரும்பத் துளிர்க்கின்றன.

கேரட்டும் வந்ததுதான். உருளையும் பீன்ஸும்.

எங்கள் ஆட்களும் எப்போதோ மதுரைப் பக்கமிருந்து மேலே ஏறி வந்தவர்கள் என்றுதான் கதை. முதுவான் குடிகள் அதற்கு முன்னால் இருந்தன.

பூண்டுக்கு மட்டும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர் வட்டவடை வெளுத்துள்ளி. மலையாளத்தில் எழுதின பெயர். தமிழில் உரிக்கிறோம்.

*

மலையின் அந்தப் பக்கம், மூணாறில், வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஓடைகளில் வானவில் டிரவுட்டை விட்டார்கள். ராஜமலையில் குஞ்சு பொரிக்கிற இடம் கட்டினார்கள். அவர்களுடைய ஊரின் ஆற்றை இங்கே வைத்துப் பார்க்க ஆசை.

நீலகிரியில் அதற்கும் முன்னால். 1863இல் பிரான்சிஸ் டே முட்டைகளைக் கொண்டுவரப் பார்த்தார். வரும் வழியில் வெயில். நடக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வில்சன் என்பவர் கையில் நடந்தது.

சூடு தாங்காத முட்டைகள். ஐஸ், ஈரப்பாசி, கப்பல், மாட்டுவண்டி.

வெந்துபோன முட்டைகளை யார் எங்கே கொட்டினார்கள்?

இந்தக் கேள்வியும் வந்து, கொஞ்சம் நின்று, போகிறது.

*

சோறு. பூண்டுக் குழம்பு. ரசம்.

பூண்டு நாக்கில் கரைகிறது. சாப்பிடும்போதும் வலது முழங்கையில் அந்தத் தட்டல் இருக்கிறது. தகடு மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது.

எது எங்கே நடுங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

*

மழை.

பெரிய மழை இல்லை. படுதாமேல் விழும் சத்தம் கேட்கிறது. நீரின்மேல் விழும் சத்தம் கேட்கவில்லை.

வரப்பிலிருந்து செம்மண் ஒழுகிக் குளத்தில் இறங்குகிறது. ஓரத்தில் தொடங்கிய கலங்கல் நடுவுக்குப் போகிறது. நீலம் மங்கிப் பழுப்பாகிறது.

இதுதான் தகட்டுக்குப் பிடித்த நீர்.

குடை பிடித்துக்கொண்டு வீச முடியாது. குடையை மடக்குகிறேன்.

*

இப்போது ஜிக் தெரியவில்லை. விழுந்ததும் இல்லாமல் போகிறது.

கையில் மட்டும் வருகிறது. தட், தட், தட்.

கண்ணை மூடுகிறேன். வித்தியாசமில்லை.

கண்ணைத் திறக்கிறேன். வித்தியாசமில்லை.

*

சட்டென்று தட்டல் நிற்கிறது.

நெஞ்சு ஒரு அடி தவறுகிறது.

மீன் இல்லை என்று தெரியும். படுதாவின் மடிப்பில் சிக்கியிருக்கிறது. இருந்தாலும் நெஞ்சு அடி தவறியது தவறியதுதான்.

தங்கூசியைத் தளர்த்துகிறேன். ஜிக் தானாக விடுபடுகிறது.

அந்த ஒரு கணத்தில் இந்தக் குளத்தில் என்ன இருந்தது?

மழை விழுந்துகொண்டிருக்கிறது.

*

கீழே, தாராபுரம் கரூர் பக்கத்துக் குளங்களில் விரால் உண்டு. குஞ்சுகள் சிவப்பாக, ஒரு பந்துபோலத் திரண்டு மேலே வரும். மூச்சுக்கு. தாயும் தகப்பனும் அடியிலிருந்து காவல்.

தூண்டில்காரர்கள் அந்தப் பந்துக்கு நடுவே இரையை இழுப்பார்கள். விரால் பாய்ந்து கடிக்கும். பசியினால் கடிப்பதில்லை.

பாஸும் அப்படித்தானாம். தகப்பன் மீன் கூட்டின் மேல் நிற்கும். கூட்டைத் தாண்டிப் போகிற எதையும் கடிக்கும்.

தகடு தட்டிக்கொண்டு போகிறது. குஞ்சுகளுக்கு அது என்ன?

*

மழை நின்றிருக்கிறது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

வயல்களில் நீர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்குகிறது. நூறு இடத்தில், நூறு மெல்லிய ஒலி. ஒன்றைத் தனியாகக் கேட்க முயன்றால் மற்றவை பெரிதாகின்றன.

*

ஓடைக்குப் போகிறேன். ராடு இல்லாமல்.

வழியில் ஈரமண்ணில் காட்டுமாட்டின் குளம்படி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மழைநீர். ஒவ்வொரு நீரிலும் கொஞ்சம் வெளிச்சம்.

ஓடை கலங்கி ஓடுகிறது. பாறையில் கல்லொட்டிகள். விரல்நீள மீன். கீழ்உதட்டில் உறிஞ்சுவதற்கு ஒரு வட்டு. எவ்வளவு வேகமாக நீர் வந்தாலும் கல்லை விடுவதில்லை.

அந்த ஜிக் இவற்றில் பாதி மீன்களைவிடப் பெரிது.

கையை நீரில் வைக்கிறேன். குளிர் எலும்பில் ஏறுகிறது. கல்லொட்டி நகரவில்லை. நானும் நகரவில்லை. கை மரத்துப்போகிற வரை.

*

கேரளத்தில் ஆறுகள் மேற்கே ஓடும். கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே.

இந்த ஓடை கிழக்கே.

சிலந்தியாறு. பாம்பாறு. கூட்டாற்றில் சின்னாறு வந்து சேரும். பிறகு அமராவதி அணை. 1957இல் கட்டியது. கரையில் முதலைப் பண்ணை. அணை நீரில் ஜிலேபி. அதுவும் 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். ஜிலேபி என்று பெயர் வைத்துக் குழம்பு வைத்தபிறகு யார் கேட்கிறார்கள்?

பிறகு தாராபுரம். கரூர். திருமுக்கூடலூரில் காவிரி.

பிறகு, தண்ணீர் மிஞ்சினால், கடல்.

*

2024இல் சிலந்தியாற்றில், பெருகுடாவில், ஒரு தடுப்பணை எழுந்தது. எங்கள் குடிநீருக்கு என்றார்கள். கீழே இருப்பவர்கள் எங்கள் வயலுக்கு வருகிற நீர் என்றார்கள். முதலமைச்சர் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பசுமைத் தீர்ப்பாயம் வேலையை நிறுத்தச் சொன்னது.

கோவிலூர் டீக்கடையில் அதைப் பேசினார்கள். தமிழிலும் மலையாளத்திலும். உடுமலையில் கல்யாணம் கட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் டீயை மட்டும் குடித்தார்கள்.

நீர் கையிடுக்கில் போகிறது. மேலே இருப்பதும் இதே நீர். கீழே இருப்பதும்.

*

கடல் தொடும் இடத்தில், உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில், கொடுவா.

தமிழில் பாஸுக்குப் பெயர் உண்டு என்றால் அதுதான். கடற்பாஸ். மலையாளத்தில் காளாஞ்சி.

கடலில் பிறக்கும். கழிக்கு ஏறி வந்து வளரும். ஆணாகத் தொடங்கும். சில ஆண்டுகளில் பெண்ணாகும். பெரிய கொடுவா எல்லாம் பெண்.

மாறுகிற அந்த மாதங்களில் அது எப்படி நீந்தும்? முன்போலத்தான் நீந்தும்.

1997இல் சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அதற்கு முன்னால் குஞ்சு வேண்டுமென்றால் கழியில் வலை போட வேண்டும்.

கொடுவாவின் கண் இருட்டில் செந்தழலாக மின்னும்.

*

இந்தக் கலங்கல் நீரில் ஒரு துளி கொடுவாவிடம் போய்ச் சேருமா?

ஆவியாகும். வாய்க்காலில் திரும்பும். வாழைக்குள் ஏறும். யாரோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும்.

நினைப்பு அணைவரை போகிறது. அணையில் நிற்கிறது.

*

மாலை.

பாம்பாடும் சோலைப் பக்கமிருந்து மூடுபனி திரும்பி வருகிறது. காலையில் வந்த வரிசையிலேயே எல்லாம் போகிறது. முதலில் எதிர்மலை. பிறகு கிராண்டிஸ். பிறகு அந்த வேலிக்கால். பிறகு இந்த வேலிக்கால்.

குறிஞ்சிப் புதர்கள் வெறும் புதர்களாக நிற்கின்றன. 2018இல் பூத்தவை. இனி 2030. நடுவில் என்ன செய்கின்றன என்று யாரும் பார்க்க வருவதில்லை.

*

குளத்துக்குத் திரும்புகிறேன். கடைசியாக ஒரு வீச்சு என்று நினைக்கவில்லை. கை எடுத்துக்கொள்கிறது.

குளிர்ந்த நீரில் பாஸ் மந்தமாகும் என்றான். அப்போது மெதுவாகச் சுற்ற வேண்டும். தகடு நின்றுபோகும் எல்லைவரை மெதுவாக.

அந்த எல்லையைத் தேடுகிறேன்.

மெதுவாக. தட். தட்.

இன்னும் மெதுவாக. தட். ... தட்.

இன்னும்.

தகடு நடுங்குகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாத ஓர் இடம் வருகிறது. அங்கே கை, தங்கூசி, நீர் எல்லாம் ஒரே கனம்.

அங்கே கொஞ்ச நேரம்.

*

தவளை திரும்பி வந்திருக்கிறது. காலையில் இருந்த அதே கல். தொண்டை மட்டும் துடிக்கிறது.

அது என்னைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. கண் இந்தப் பக்கம் இருக்கிறது.

*

இரவு.

அக்கா மகன் செல்லில் படம் அனுப்பியிருக்கிறான். பிவா. பனி விழுந்த கரை. கரையில் பெட்டி. பெட்டிமேல் பனி.

"அங்க எப்டி மாமா?"

"மழை" என்று அனுப்புகிறேன்.

*

ஜிக்கை அடுப்படி ஆணியில் மாட்டுகிறேன். பூண்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில். முள்முனையில் சைக்கிள் டியூப் இன்னும் இருக்கிறது.

பாவாடையிலிருந்து நீர் சொட்டுகிறது. தரையில் ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று.

புகை மெதுவாக அதைத் தொடுகிறது. நாளைக்கு அதற்கும் பூண்டு வாசனை.

*

தூக்கத்துக்கு முன்னால் முழங்கையில் ஒரு தடவை.

தட்.

*

மறுநாள். அல்லது அதற்கு மறுநாள்.

ஓஸைச் சரிபார்க்கக் குளத்துக்கு வருகிறேன். ராடு எடுத்துவரவில்லை. ஓஸின் வாயில் ஓர் இலை அடைத்திருக்கிறது. எடுத்துவிடுகிறேன். நீர் இருமி, பிறகு விழுகிறது.

கலங்கல் அடியில் படிந்துவிட்டது. நீலத்துக்குமேல் மெல்லிய செம்மண். அதில் ஜிக் இழுத்துப்போன கோடுகள். ஒன்றன்மேல் ஒன்று. எல்லாம் இந்தக் கரைக்கு.

நீர் ஏறுகிறது. தண்ணீர்ப்பூச்சிகளும் ஏறுகின்றன, நின்ற இடத்திலேயே.

குளம் முக்கால்.

ஓஸை மூட வேண்டும்.

இன்னும் கொஞ்சம்.